ஜனைனா பார்த்த பக்கம்

ஜுரந்திர் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது அவன் மகள் ஜனைனா சாப்பாட்டு மேசையை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியின் மேல் கைகளை விரித்தபடி நின்றிருந்தாள். இடுப்பைச் சுற்றி அளவு நாடா. நாடாவின் முனை பெர்னதெத்தியின் கையில் இருந்தது. பெர்னதெத்தி அவன் மனைவி லுசியானேயின் அக்கா. உதட்டில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருந்ததால் அவனைப் பார்த்துப் புருவத்தால் மட்டும் வரவேற்றாள். மேசை மேல் கருப்பு வெல்வெட்டில் வெட்டிய சின்னக் கையில்லாத மேல்சட்டை போல ஒன்று கிடந்தது. அதில் சிவப்புப் பாசிமணிகளால் ரோஜாக்கள். பக்கத்தில் துணிப்பூக்களைக் கட்டிய தலைவளையம், அதிலிருந்து வண்ண வண்ண ரிப்பன்கள் மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கின.

"அப்பா, நான் பெரியம்மா குழுவுல சேர்ந்துட்டேன்!"

"எந்தக் குழு?" என்றான். எந்தக் குழு என்று அவனுக்குத் தெரியும். லுசியானேயின் குடும்பத்தில் நடக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் அதில் ஆடியவர்கள். வரவேற்பறைச் சுவரில் லுசியானேயே பத்து வயதில் இதே மாதிரி ரிப்பன்களோடு நிற்கும் படம் இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?" என்று சமையலறையைப் பார்த்துச் சொன்னான்.

"போன வாரமே கேட்டேனே. நீதான் டிவியில பந்தாட்டத்தைப் பாத்துக்கிட்டே தலையாட்டினே," என்று உள்ளிருந்து லுசியானே குரல் கொடுத்தாள்.

அவன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான். பூவளையத்தை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். "இது இவ சுருட்டை முடியில நிக்காதே அண்ணி. வழுக்கிட்டு மேல வந்துடும்." அதைச் சொல்லும்போது தன் குரலில் ஒரு சின்னத் திருப்தி இருந்ததை அவனே கேட்டான்.

பெர்னதெத்தி குண்டூசிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "நிக்கும் ஜுரந்திர். மண்டையோட ஒட்டிப் பின்னி, அந்தப் பின்னல் மேலேயே வளையத்தை ரெண்டு தையல் போட்டுட்டா எங்க போயிடும்? என் கடைக்கு வர்ற ஒரு பொண்ணுகிட்ட உட்கார்ந்து கத்துக்கிட்டேன். மூணு ஞாயித்துக்கிழமை. விரலெல்லாம் வலி."

ஜனைனாவின் முடி அதுவரை அவனுடைய பொறுப்பு. அவளுக்கு மூன்று வயதிருக்கும்போது ஒருநாள் லுசியானே சீப்போடு போராடி, குழந்தை அழுது, லுசியானேயும் அழுது, வாசலில் நின்று பார்த்த ஜுரந்திர் வந்து சீப்பை வாங்கினான். அன்றிலிருந்து ஞாயிறு காலையில் அவள் தரையில் உட்காருவாள், அவன் சோபாவில் உட்கார்ந்து முடியை ஈரமாக்கி, எண்ணெய் தொட்டு, வகிடு வகிடாகப் பிரித்துப் பின்னுவான். அவன் அம்மா அவன் தங்கைகளுக்குப் பின்னியதைப் பார்த்துப் பார்த்து வந்த கைப்பழக்கம். சமையல், ஜெபம், கிறிஸ்துமஸ், பிறந்தநாள் என்று இந்த வீட்டில் எல்லாமே லுசியானேயின் ஆட்களின் வழியில்தான் நடந்தது. அவர்கள் கை எட்டாத இடம் மகளின் தலை ஒன்றுதான் என்று அவன் நினைத்திருந்தான். இப்போது பெர்னதெத்தி அதையும் கற்றுக்கொண்டுவிட்டாள், அதுவும் விரல் வலிக்க, அன்போடு. திட்டுவதற்கு அதில் ஒரு நூலிழைகூட இல்லை. அதுதான் அவனை எரித்தது.

அவர்களிடம் எல்லாம் இருந்தது. கொள்ளுத்தாத்தா போலந்திலிருந்து வந்த கப்பலின் பெயர் இருந்தது. அவர் விட்டுவந்த கிராமத்தின் பெயர் இருந்தது. பெர்னதெத்தி இரண்டு வருடத்துக்கு முன் அங்கே போய், கோயில் வாசலில் நின்று படம் எடுத்து, ஒரு கைப்பிடி மண்ணை ஜாடியில் கொண்டுவந்திருந்தாள். அவர்களுக்கென்று குரிச்சிபா நகரத்தில் ஒரு பூங்காவே இருந்தது. முதலில் வந்தவர்கள் ஆணியில்லாமல் அடுக்கிக் கட்டிய மரவீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து மரங்களுக்கு நடுவே நிறுத்தியிருந்தார்கள். ஜெர்மன்காரர்களுக்கு ஒன்று, இத்தாலிக்காரர்களுக்கு ஒன்று, உக்ரைன்காரர்களுக்கு, ஜப்பான்காரர்களுக்கு என்று ஊர் முழுக்க ஒவ்வொரு சனத்துக்கும் பச்சைப் பசேலென்று ஓரிடம். உருளைக்கிழங்கும் பாலாடையும் பொதிந்த பியரோகிக் கொழுக்கட்டைக்கு அங்கே ஞாயிற்றுக்கிழமை வரிசை நிற்கும். ஜுரந்திரும் அந்த வரிசையில் நின்றிருக்கிறான். அவனுக்கு அது பிடிக்கவும் செய்யும். அவனுடைய அப்பா லாப்பா பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, இந்த ஊரின் பேருந்துப் பாதைகளுக்குக் கான்கிரீட் ஊற்றியவர்களில் ஒருவர். பாதை வந்தது, பாதையோரம் மாடிகள் எழும்பின, வாடகை ஏறியது, அப்பாவின் குடும்பம் ஊரின் தென்கோடிக்குப் போனது. அப்பாவுக்குத் தன் தாத்தாவின் பெயர்வரை தெரியும். அதற்கு அப்பால், முன்னோரை அடிமைகளாக வைத்திருந்த யாரோ ஒரு பண்ணைக்காரனின் குடும்பப் பெயர்தான் மிச்சம். அந்தப் பெயரைத்தான் ஜுரந்திரும் சுமந்துகொண்டிருக்கிறான், ஜனைனாவும்.

லுசியானேயின் அப்பா காசிமிரோ கிழவர், மாப்பிள்ளை கருப்பன் என்பதால், இவர்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. ஜனைனா பிறந்த பிறகு ஒரே ஒரு தடவை வந்து, குழந்தையை வாங்காமல், தொட்டிலை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அவர் இறந்த பிறகு ஜுரந்திருக்கு அவர்மேல் கோபம் இல்லை. சொல்லப்போனால் கிழவர் இருந்தவரை அவனுக்கு வாழ்க்கை எளிதாக இருந்தது. எங்கே நிற்கிறோம் என்று தெரியும். இப்போது அந்த வீட்டில் எல்லோரும் அவனிடம் நல்லவர்களாக இருந்தார்கள்.

டிப்போவில் சாப்பாட்டு நேரத்தில் இதை அவன் ஓஸ்னியிடம் மட்டும் சொன்னான். ஓஸ்னி அவனைவிடக் கருப்பு, அவனைவிடப் பத்து வயது மூத்தவன், இருவரும் ஒரே தடத்தில் மூன்று பெட்டி சிவப்புப் பேருந்து ஓட்டுபவர்கள்.

"உனக்கு வயித்தெரிச்சல்டா," என்றான் ஓஸ்னி சோற்றையும் பீன்ஸையும் பிசைந்தபடி.

"வயித்தெரிச்சல் இல்ல. என் பொண்ணு எங்கிட்ட இருந்து எதையாவது எடுத்துக்கணும்ல?"

"உன் மூக்கை எடுத்துக்கிட்டாளே, பத்தாதா? ஏன், நம்ம ஆளுங்களுக்கும் ஒரு சதுக்கம் குடுத்திருக்காங்கய்யா. கடைசி நிறுத்தம் தாண்டி அந்தப் பக்கம். கூட்டிட்டுப் போ, காட்டு."

"அங்க என்ன இருக்கு காட்ட?"

"காத்து நல்லா வரும்," என்று சொல்லி ஓஸ்னி புரையேறும்வரை சிரித்தான்.

அந்த வாரக் கடைசியில் அவன் ஜனைனாவைத் தன் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போனான். வழியில் ரெபோசாஸ் பேட்டையைக் கடக்கும்போது சொன்னான்: மலையைக் குடைந்து கடலுக்கு ரயில் பாதை போட்டதே, அந்த வேலைக்கு மூளையாக இருந்த இன்ஜினியர்கள் அண்ணன் தம்பிகள், அவர்கள் பெயர்தான் இந்தப் பேட்டைக்கு, அவர்கள் கருப்பர்கள். இதை அவன் பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தான்.

ஜனைனா ஜன்னல் வழியே பார்த்தாள். "இங்க டயர் கடைதானே இருக்கு?"

"டயர் கடை இப்ப வந்தது."

"அவங்க நமக்குச் சொந்தமாப்பா?"

"சொந்தம்னு இல்ல. நம்மள மாதிரி."

"ஓ," என்றாள். பிறகு, "பெரியம்மா சொன்னாங்க, எங்க கொள்ளுத்தாத்தா கப்பல்ல வரும்போது ஒரு வாத்தை மறைச்சுக் கொண்டுவந்தாராம். அது முட்டையெல்லாம் போட்டுச்சாம்," என்றாள். அவள் கண்கள் மின்னின. உயிருள்ள ஒரு வாத்துக்கு எதிராக ஜுரந்திரிடம் ஒன்றுமில்லை.

ஒத்திகை சனிக்கிழமை மதியங்களில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த கூடத்தில் நடந்தது. ஷிப்டை மாற்றிக்கொண்டு அவன் போக ஆரம்பித்தான். கடைசி பெஞ்சில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவான். மற்ற அப்பாக்கள் வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். பக்திமான் ஒருவன் திருப்பலி பார்ப்பதுபோல இவன் மட்டும் முதலிலிருந்து முடிவுவரை பார்த்தான். ஆட்டத்தைப் பார்க்க அவன் வரவில்லை. ஒரு வார்த்தைக்காக வந்தான். ஏதாவது ஒரு அம்மா, ஏதாவது ஒரு சிறுமி, தலைமுடியைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ வாய் தவறி ஒன்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை போதும். எழுந்து நின்று என்ன சொல்ல வேண்டும் என்பதை அவன் வண்டி ஓட்டும்போது வரி வரியாகத் தயார் செய்திருந்தான். 'இவ என் பொண்ணு. இவ இங்க நிக்கிறதுல யாருக்காவது சங்கடம் இருந்தா என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.' சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டி வர வேண்டும். வெளியே வெயிலில் அவள் அவனைப் பார்ப்பாள், அப்போது அவளுக்குப் புரியும். என்ன புரியும் என்பதை அவன் யோசித்ததில்லை.

ஆனால் யாரும் எதுவும் சொல்லவில்லை. கேக் கொடுத்தார்கள். மிலேனா என்ற சிறுமியின் அம்மா, மாவுபோல வெளுத்த பெண், "உங்க ஜனைனா வந்தப்புறம்தான் என் பொண்ணுக்கு இங்க வரவே பிடிக்குது," என்றாள். ஒருநாள் ஜனைனாவை இரண்டாம் வரிசையில் நிறுத்தியிருப்பதைப் பார்த்து அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இடைவேளையில் நேராகப் பெர்னதெத்தியிடம் போனான்.

"ஏன் பின்னாடி நிக்குறா?"

"உயரம்ப்பா. முன்னாடி குட்டைப் பிள்ளைங்க." பெர்னதெத்தி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா நீ சொல்றதும் சரிதான். காலு அவளுக்குத்தான் சுத்தமா விழுது. உயரத்தை யாரு பாக்கப் போறா?" அடுத்த பாட்டுக்கு ஜனைனா முதல் வரிசையின் நடுவில் நின்றாள். அவள் சுழலும்போது பாவாடை குடையாக விரிந்தது. தலையை ஒரு வெட்டு வெட்டித் திருப்புவதில் அவளுக்கென்று ஒரு மிடுக்கு. அது அவன் அம்மாவின் திருப்பல், அவன் குடும்பத்துத் திருப்பல் என்று அந்தக் கூடத்தில் அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர்கள் அதையும் தங்களுடையதாக நினைத்துக் கைதட்டினார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் லுசியானே பாத்திரத்தைத் துடைத்தபடி கேட்டாள். "நீ என்னத்தைத் தேடி அங்க போய் உக்காருறே?"

"என் பொண்ணு ஆடுறதைப் பாக்கக்கூடாதா?"

"நீ ஆட்டத்தைப் பாக்கல. அக்கா சொல்றா, நீ சுத்தி இருக்கிறவங்க மூஞ்சியைத்தான் பாக்கிறியாம். பரீட்சை வைக்கிறவன் மாதிரி."

"உங்க அப்பா..."

"எங்க அப்பா செஞ்சதை நான் மறக்கல. அவர் செத்தப்போகூட அதை நினைச்சுத்தான் அழுதேன். ஆனா அக்கா வந்தா நம்ம கல்யாணத்துக்கு. அப்பாகிட்ட அடி வாங்கிட்டு வந்தா. அது உனக்குத் தெரியும்." அவள் துணியை உதறிப் போட்டாள். "அவங்க அவளை நல்லா வச்சுக்கிட்டா உனக்கு எங்கடா குறைஞ்சு போகுது?"

எங்கே குறைகிறது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல ஒரு வார்த்தை அகப்படவில்லை. தனக்கு இந்த ஊர் செய்ததைத் தன் மகளுக்கும் அது செய்யாவிட்டால் அவள் தன் மகளாக எப்படி ஆவாள் என்று ஒரு தகப்பன் கேட்க முடியுமா?

வசந்த விழா, அந்த ஊரில் வசந்தம் தொடங்கும் செப்டம்பரின் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்த வருடம் விழாவுக்கு வெளிநாட்டு விருந்தாளிகளும் வருவதாகச் சொன்னார்கள். நகரங்களை எப்படி அமைப்பது என்று படித்தவர்கள், பல தேசத்துக்காரர்கள், வாரம் முழுக்க ஊரைச் சுற்றிப் பார்த்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் குரிச்சிபாவுக்கு வருவது புதிதல்ல. ஜுரந்திரின் வண்டியிலேயே எத்தனையோ தடவை ஏறி, கண்ணாடிக் குழாய்போலக் கட்டிய பேருந்து நிறுத்தத்தைத் தட்டிப் பார்த்து, கதவுகள் திறப்பதைப் படமெடுத்து, தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மழை தூறி விட்டிருந்தது. பூங்காவில் ஈரப் பைன் ஊசிகளின் வாசனையும் வெங்காயம் வதங்கும் வாசனையும் கலந்து கிடந்தன. ஜுரந்திர் இஸ்திரி போட்ட சட்டையில், மரவீடுகளுக்கு எதிரே பெரிய பைன் மரம் ஒன்றின் அடியில் நின்றான். லுசியானே கொழுக்கட்டைக் கடையில் உதவிக்கு நின்றாள்.

பிள்ளைகள் ஆடினார்கள். ஜனைனா முன் வரிசையில் ஆடினாள். கழுத்தில் அட்டை தொங்கிய விருந்தாளிகள் தாளத்துக்குக் கைதட்டினார்கள். முடிந்ததும் விழாக் குழு அமர்த்தியிருந்த புகைப்படக்காரன் பிள்ளைகளை மரவீட்டுப் படிகளில் அடுக்கத் தொடங்கினான். இளைஞன், தாடி, சிரித்த முகம். ஒரு சிறுமியின் ரிப்பனைச் சரி செய்தான், இன்னொருத்தியின் தோளைத் தொட்டுத் திருப்பினான். ஜனைனாவிடம் வந்து நின்றான்.

"கண்ணுகளா, முதல்ல ஒரே ஒரு படம், அசல் போலந்துப் பிள்ளைங்க மட்டும். செல்லம், நீ கொஞ்சம் அந்த மரத்துப் பக்கம் போய் நில்லு. உன்னை அப்புறம் தனியா அழகா எடுக்கிறேன், என்ன?"

அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். அவ்வளவு மென்மையாகச் சொன்னான் என்பதால் படிகளில் இருந்த பிள்ளைகளுக்கு முதலில் புரியவேயில்லை. மரத்தடியில் இருந்த ஜுரந்திருக்கு உடனே புரிந்தது. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த ஏதோ ஒன்று அவன் நெஞ்சில் திறந்துகொண்டது. வந்துவிட்டது. கடைசியில் சொல்லிவிட்டான் ஒருத்தன். தாகத்துக்குத் தண்ணீர் இறங்குவதுபோல இருந்தது. அந்தக் கணத்தில்தான் ஜனைனா மரத்துப் பக்கம் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அதை அவன் அறிந்தது அவள் முகத்திலிருந்துதான். அவள் கண்கள் அவனிடம் ஓடி வந்து, பாதி வழியில் நின்றன. அவன் உதடுகளை இழுத்து மூடினான். இரண்டடி முன்னால் வைத்தான். தயார் செய்து வைத்திருந்த வரிகள் வாய்க்கு வந்தன. அதற்குள் படிகளின் மறுபக்கத்திலிருந்து பெர்னதெத்தி வந்துவிட்டாள். கனத்த உடம்பு, ஆட்டப் பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்ன சொன்னே நீ? என்ன சொன்னே? அசலா? அவ என் தங்கச்சி பொண்ணுடா. இவ இங்க நிக்கிறதுல உனக்குச் சங்கடம்னா என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு!"

அவன் சொல்ல வேண்டிய வார்த்தைகள். கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். மிலேனா ஜனைனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் படியிலிருந்து இறங்கினார்கள். புகைப்படக்காரன் காது சிவக்க மன்னிப்புக் கேட்டான். விழாக் குழுவிலிருந்து பட்டுத் துண்டு போட்ட ஒரு அம்மாள் விரைந்து வந்து இரண்டு பக்கமும் கையைப் பிடித்துச் சமாதானம் செய்தாள்.

"ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்க, தம்பிக்கு விவரம் பத்தல. இந்தப் பொண்ணுதானே நமக்கு வேணும்! இவளை நடுவுல நிறுத்துங்க. ரொட்டித் தட்டை இவ கையில குடுங்க. நம்ம ஊரு எப்படிப்பட்ட ஊருன்னு வந்தவங்க பாக்கட்டும்."

விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் ரொட்டியும் உப்பும் வைத்த தட்டு ஜனைனாவின் கைக்கு வந்தது. அவளை நடுப்படியில் நிறுத்தினார்கள். மற்றவர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். "இங்க பாருங்க, சிரிங்க," என்றான் புகைப்படக்காரன். எல்லோரும் சிரித்தார்கள். ஜனைனா கேமராவைப் பார்க்கவில்லை. அவள் இன்னும் மரத்துப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் ஜுரந்திர் ஈரப் புல்லில் நின்றான்.

பிறகு மரவீட்டின் பின்னால் பெர்னதெத்தி தனியாக அழுதுகொண்டிருந்ததை அவன் பார்த்தான். கண்மை கன்னத்தில் ஒழுகியிருந்தது. "ஜுரந்திர், இப்படித்தான் இருக்குமா? இப்படித்தான் இவ்ளோ நாளும் இருந்துச்சா உனக்கு?" என்று கேட்டாள். அவன் நினைத்திருந்தால் அப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். ஆயிரம் கதை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அவமானம் ஒன்றாவது தன்னுடையதாக இருக்கட்டும், அதையும் இவளோடு பங்குபோட வேண்டாம் என்று அவனுக்குள் ஒரு கஞ்சத்தனம் எழுந்தது. "பழகிடும் அண்ணி," என்று சொல்லி நகர்ந்தான்.

அக்காவும் தங்கையும் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு காரில் வர, அவனும் ஜனைனாவும் பேருந்தில் கிளம்பினார்கள். அவள் உடையை மாற்றவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, ரிப்பன்களை மடியில் சேர்த்துப் பிடித்திருந்தாள். மூன்று நிறுத்தங்கள் கடந்தபின் கேட்டாள்.

"ஏன்ப்பா சிரிச்சே?"

"எப்போ?"

"அந்தாள் என்னைத் தள்ளி நிக்கச் சொன்னப்போ."

"நான் எங்க சிரிச்சேன்? வெயில் மூஞ்சியில அடிச்சுது, கண்ணைச் சுருக்கினேன்."

"நீ மரத்துக்குக் கீழ நின்னே," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை என்பது லுசியானே அவனிடம் வழக்கம்போல இருந்ததிலிருந்து தெரிந்தது. ஒத்திகைக்குப் போனாள், பள்ளிக்குப் போனாள், அவன் கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஞாயிறு காலைகளில் தரையில் உட்கார்ந்து தலையைக் கொடுத்தாள். முன்பெல்லாம் வகிடு எடுக்கும்போது வலித்தால் அவன் முழங்காலைக் கிள்ளுவாள். இப்போது வலித்தாலும் கைகளை மடியிலேயே வைத்திருந்தாள்.

நவம்பரில் பட்டுத் துண்டு அம்மாள் வீட்டுக்குப் போன் செய்தாள். அந்தப் படத்தை நகரெங்கும் வைக்கப் போகிறார்களாம், சம்மதம் வேண்டுமாம். "எத்தனையோ எடுத்தோம், ஆனா இந்த ஒண்ணுல உங்க பொண்ணு கேமராவைப் பாக்காம தூரத்துல எதையோ பாக்கிறா பாருங்க, அந்தப் பார்வைதான் அழகு, எல்லாரும் சொல்றாங்க." லுசியானே போனைக் காதிலிருந்து எடுத்து அவனைப் பார்த்தாள். பெர்னதெத்தி முதலில் முடியாது என்றவள், பிறகு ஊர் பார்க்கட்டும் என்று மனம் மாறியிருந்தாள். ஜனைனா தோளைக் குலுக்கி, "வைக்கட்டும்," என்றாள். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியவன் அவன் ஒருவன்தான். ஏன் என்று கேட்பார்களே என்று அவன் வாயைத் திறக்கவில்லை.

படம் வந்தபோது அவனுடைய தடத்திலும் வந்தது. நடு ஊரில் ஒரு குழாய் நிறுத்தத்தின் முனையில், ஆளுயரத்துக்கு மேல், கண்ணாடிச் சட்டத்துக்குள். ரொட்டித் தட்டை ஏந்திய ஜனைனா, சுற்றிலும் மங்கலாகச் சிரிக்கும் வெள்ளை முகங்கள், கீழே 'எல்லோருக்கும் ஒரு நகரம்' என்ற எழுத்து. ஓஸ்னி அதைப் பார்த்த அன்று டிப்போவில் அவனைத் தூக்காத குறை. "ராணிடா உன் பொண்ணு! ஊரே பாக்குது. இப்பவாவது வயித்தெரிச்சல் அடங்குச்சா?" பயணிகள் அதன் அருகே நின்று படமெடுத்தார்கள். வேலைக்குப் போகும் கருப்புப் பெண்கள் இரண்டு பேர் தினமும் அதைத் தாண்டும்போது கண்ணாடியை விரலால் தொட்டுவிட்டுப் போவதை அவன் பார்த்தான். அவள் எதைப் பார்க்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு நாளைக்குப் பல தடவை அந்த நிறுத்தத்தில் வண்டியை ஒட்டி நிறுத்தி, கதவுகள் திறந்து மூடும்வரை அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பழகினான். படத்தில் அவள் பார்வை வண்டிப் பாதையின் பக்கம் விழுந்திருந்தது.

டிசம்பர் மாதம், ஆண்டு விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடப்போகிற சமயம். மழை பெய்து ஓய்ந்து, மாலை வெயில் ஈரச் சாலையில் விழுந்து கண்ணைக் கூசவைத்தது. ஜுரந்திர் வண்டியை நிறுத்தத்துக்குள் கொண்டுவந்தபோது படத்துக்கு முன்னால் நடைபாதையில் இரண்டு சிறுமிகள் நின்றிருந்தார்கள். சீருடை, தோளில் பை. ஒருத்தி மிலேனா. அவள் தன் பையைத் தட்டுபோல இரண்டு கையிலும் ஏந்தி, படத்தில் இருப்பவளைப்போலக் கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினாள். மற்றவள் ஜனைனா. அவள் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தாள். பிறகு, படத்தில் இருப்பவளின் கண்கள் எங்கே போகின்றன என்று கண்டுபிடிக்கப் பார்ப்பவள்போல, அந்தத் திசையில் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

அங்கே வண்டி நின்றிருந்தது. முன் கண்ணாடி முழுக்க வெயில் அடித்துப் பளபளத்தது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பின்னால் ஆட்கள் இறங்கும் ஓசை, ஏறும் ஓசை, யாரோ ஒருவர் அவசரப்படுத்தும் குரல். ஜுரந்திரின் கை கதவுப் பொத்தானின் மேல் இருந்தது. தன் முகத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. வெளியே ஜனைனா உள்ளங்கையைப் புருவத்துக்கு மேல் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, கண்களை இடுக்கி, கண்ணாடிக்குள் பார்த்தாள்.